சனி, ஞாயிறு இரண்டு நாள்: காரைக்குடியிலிருந்து அருவி, பூங்கா, கடற்கரை – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் வீடு இருக்கிறவர்களுக்கு இந்தக் கேள்விகள் பழக்கமானவை. விசேஷத்துக்கு வந்த சொந்தக்காரர்கள் வெள்ளிக்கிழமை ராத்திரி சாப்பிட்டுவிட்டு முகப்பில் உட்கார்ந்ததும் ஆரம்பிப்பார்கள். "நாளைக்கும் நாளன்னைக்கும் லீவுதானே, பிள்ளைகளை எங்கயாச்சும் கூட்டிட்டுப் போவமா?" சின்னவனுக்கு அருவி வேண்டும், அவன் அக்காவுக்குக் கடல் வேண்டும், பெரியவர்களுக்கு உட்கார நல்ல நிழல் வேண்டும். பல வருஷமாக இந்த மூன்றுக்கும் ஆட்களைக் கூட்டிக்கொண்டு அலைந்ததில் தெரிந்துகொண்டதை இங்கே எழுதியிருக்கிறேன். தூரமெல்லாம் காரைக்குடியிலிருந்து, தோராயக் கணக்கு.

மூன்றையும் இரண்டே நாளில் பார்த்துவிட முடியுமா?

கார்த்திகை, மார்கழி, தை என்றால் முடியும். மற்ற மாதங்களில் எதையாவது ஒன்றை விட்டுவிட வேண்டும். இதை முதலிலேயே மனதில் வாங்கிக்கொண்டால் பயணம் நன்றாக இருக்கும்.

காரணம் மழைதான். நம் பக்கத்துக்கும் மதுரையை ஒட்டிய சிறுமலை, அழகர்மலைக்கும் பெரிய மழை என்பது ஐப்பசியில் தொடங்கும் வடகிழக்குப் பருவமழை. அது நன்றாகப் பெய்த பிறகு போனால் மலையில் தண்ணீர் இருக்கும், கண்மாயில் பறவை இருக்கும், கடற்கரையில் வெயிலும் இதமாக இருக்கும். ஆனி, ஆடியில் தண்ணீர் கொட்டுவது தென்மேற்குப் பருவமழை வாங்கும் குற்றாலத்தில். அது வேறு திசை, வேறு பயணம். பங்குனி முதல் வைகாசி வரை அருவி நினைப்பையே விட்டுவிட்டு, விடியற்காலையிலும் சாயங்காலத்திலும் கடலைப் பார்க்கிற மாதிரி திட்டம் போடுங்கள்.

இன்னொன்று, மலை மேற்கே இருக்கிறது, கடல் கிழக்கே இருக்கிறது. அதனால் சனிக்கிழமை மேற்கே போய்விட்டு ராத்திரி வீட்டுக்கு வந்து படுத்து, ஞாயிறு கிழக்கே போவதுதான் சரி. ஒரே நாளில் இரண்டு திசையையும் தொட நினைத்தால் காருக்குள்ளேயே பொழுது போய்விடும்.

செட்டிநாட்டுக்குள்ளேயே ஒரு அருவிகூட இல்லையா?

இல்லை. நம்முடையது செம்மண்ணும் செம்புறாங்கல்லும் கலந்த சமநிலம். இங்கே தண்ணீர் மேலிருந்து விழாது, ஓடி வந்து தேங்கும். அதற்காகத்தான் ஊருக்கு ஊர் ஊருணியும் கண்மாயும் வெட்டி வைத்தார்கள்.

ஆனாலும் ஐப்பசி மழையில் ஒரு பழைய வளவு வீட்டுக்குள் நின்றிருக்கிறீர்களா? நாலு பக்க ஓட்டுக் கூரையும் முற்றத்தைப் பார்த்தே சரிந்திருக்கும். நாலு மூலையிலும் தண்ணீர் ஒன்றுகூடி, கையகலத் தகரத் தூம்பு வழியாக அடியில் வைத்த அண்டாவில் தொம் தொம்மென்று விழும். அண்டா நிறைய நிறைய அந்தச் சத்தம் மாறிக்கொண்டே வரும். எங்கள் அப்பத்தா எங்களை வரிசையாக நிற்க வைத்து, அதில் தலையை நனைக்க விடுவார்கள். நான் பார்த்த முதல் அருவி அதுதான். மழை நாளில் பயணம் ரத்தானால் பிள்ளைகளை முற்றத்தில் இறக்கிவிடுங்கள், குறையே தெரியாது.

சரி, பக்கத்தில் இருக்கும் அருவி எது?

குட்லாடம்பட்டி. மதுரை மாவட்டம் வாடிப்பட்டிக்குப் பக்கத்தில், சிறுமலை அடிவாரத்தில் இருக்கிறது. தாடகை நாச்சி அருவி என்றும் சொல்வார்கள். மதுரையைத் தாண்டிப் போக வேண்டும், ஏறக்குறைய 120 கிலோமீட்டர். பாறையைத் தழுவிக்கொண்டு இறங்கும் அழகான அருவி, ஆனால் மழைக்காலத்து அருவி. 2018-ல் கஜா புயல் மழையில் படிக்கட்டும் மற்ற வசதிகளும் சேதமாகி, பொதுமக்களை விடாமல் வைத்திருந்தார்கள். அதனால் இப்போது உள்ளே விடுகிறார்களா என்று வாடிப்பட்டிப் பக்கம் யாரிடமாவது விசாரிக்காமல் வண்டியைக் கிளப்பாதீர்கள்.

விசாரிக்காமல் போய் நான் பட்டிருக்கிறேன். ஒரு சித்திரை மாதம், அக்கா பிள்ளைகள் மூன்று பேருடன் வேறொரு சிற்றருவிக்குப் போனோம். இரண்டரை மணி நேரப் பயணம். அங்கே போனால் பாறையில் தண்ணீர் வழிந்த கறுப்புத் தடம் மட்டும்தான் இருந்தது. சின்னவள் அந்தத் தடத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, "சுடுது மாமா" என்றாள். அன்றையிலிருந்து மாதம் பார்க்காமல் யாருக்கும் அருவி சொல்வதில்லை.

வருஷம் முழுக்கத் தண்ணீர் இருக்கிற இடம் ஏதாவது உண்டா?

அழகர்மலை மேலே நூபுர கங்கை இருக்கிறது. அருவி என்று சொல்ல முடியாது, சுனைத் தீர்த்தம். ராக்காயி அம்மன் கோயிலை ஒட்டித் தண்ணீர் வந்துகொண்டே இருக்கும், அதில் நீராடலாம். கோடையிலும் அந்தத் தண்ணீர் உடம்பில் பட்டதும் பல் கிட்டும். திருப்பத்தூர், மேலூர் வழியாகப் போனால் 80 கிலோமீட்டருக்குள் அழகர்கோயில் வந்துவிடும். கீழே கள்ளழகர், பாதி மலையில் பழமுதிர்சோலை முருகன், உச்சியில் தீர்த்தம். வழி முழுக்கப் பெரிய மரங்கள். பெரியவர்களுக்குக் கோயில், பிள்ளைகளுக்குத் தண்ணீர் என்று ஒரே இடத்தில் இரண்டும் முடிந்துவிடுவதால், என்னைக் கேட்டால் நம் ஊரிலிருந்து ஒரு நாள் பயணத்துக்கு இதுதான் முதல். குரங்குகள் மட்டும் ஏராளம். கையில் பையோடு நடக்காதீர்கள். பழத்தையும் பொட்டலத்தையும் வண்டியிலேயே வைத்துக் கண்ணாடியை ஏற்றிவிடுங்கள்.

குற்றாலத்துக்கு சனி, ஞாயிறு போதுமா?

போதும், ஆனால் அந்த இரண்டு நாளும் குற்றாலத்துக்கே. 240 கிலோமீட்டருக்கு மேல் வரும், காரில் ஐந்து மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். சென்னையிலிருந்து செங்கோட்டை போகும் சிலம்பு எக்ஸ்பிரஸ் காரைக்குடி, அருப்புக்கோட்டை, விருதுநகர் வழியாகத் தென்காசிக்குப் போகிறது. தினமும் கிடையாது, கிழமை பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆனி, ஆடி, ஆவணிதான் சீசன். பேரருவியில் ஞாயிற்றுக்கிழமை கூட்டம் நெட்டித் தள்ளும். ஐந்தருவிக்கு விடியற்காலை ஐந்து மணிக்கே போய்விட்டால், பெரியவர்களும் நிதானமாக நின்று குளிக்க இடம் கிடைக்கும். சாரல் முகத்தில் அடிக்க, எண்ணெய் தேய்த்த தலையோடு அந்த வரிசையில் நிற்பது தனிச் சுகம்.

தண்ணீர் கலங்கி வந்தாலோ, போலீசார் விசில் அடித்தாலோ ஒரு நொடி யோசிக்காமல் வெளியே வந்துவிடுங்கள். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீரென்று வந்த வெள்ளத்தில் ஒரு சிறுவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்துபோனான். நாம் நிற்கும் இடத்தில் வெயில் அடிக்கும், மேலே மலையில் மழை கொட்டிக்கொண்டிருக்கும். "இன்னும் ரெண்டு நிமிஷம்" என்று கெஞ்சும் பிள்ளையை அதட்டியாவது கூட்டி வந்துவிட வேண்டும்.

கொல்லிமலை?

வயசுப் பிள்ளைகளுக்கு ஏற்ற இடம். 70 கொண்டை ஊசி வளைவு, அப்புறம் அறப்பளீஸ்வரர் கோயிலுக்குப் பக்கத்திலிருந்து ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துக்கு மேல் படி இறங்க வேண்டும். இறங்குவது சுலபம், ஏறும்போதுதான் முழங்கால் பதில் கேட்கும். ஒரு ராத்திரி மலையில் தங்காமல் போய் வர நினைக்காதீர்கள். மலை ஏற வேண்டாம் என்றால் அடிவாரத்தில் திருச்சி மாவட்டப் பக்கம் புளியஞ்சோலை ஓடை இருக்கிறது.

பூங்கா என்று எதைச் சொல்வீர்கள்? பிள்ளைகள் ஓடி விளையாட வேண்டும்.

ஊஞ்சல், சறுக்குமரம் மட்டும்தான் வேண்டுமென்றால் காரைக்குடிக்குள்ளேயே பார்த்துக்கொள்ளலாம். கொஞ்சம் கண் நிறைய வேண்டுமென்றால் புதுக்கோட்டை ரோட்டைப் பிடியுங்கள்.

முதலில் திருமயம், அரை மணி நேரம்தான். 1687-ல் சேதுபதி மன்னர் கட்டிய கோட்டை, மேலே ஒரு பீரங்கி, சுற்றிலும் வெட்டவெளி. சாயங்காலக் காற்றுக்கு அதைவிட நல்ல இடம் நம் பக்கம் கிடையாது. பாறைச் சரிவில் பிள்ளைகள் கையை விட்டுவிடாதீர்கள். கீழே குடைவரையில் சிவனும் பெருமாளும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிறார்கள், பார்க்காமல் வராதீர்கள்.

அடுத்து சித்தன்னவாசல், புதுக்கோட்டையிலிருந்து 16 கிலோமீட்டர். பூங்காவும் படகுக் குளமும் இருக்கின்றன, பிள்ளைகள் அங்கேயே தங்கிவிடுவார்கள். ஆனால் நீங்கள் அறிவர் கோயில் என்கிற சமணக் குடைவரைக்குள் போய் அண்ணாந்து பாருங்கள். ஒன்பதாம் நூற்றாண்டில், பாண்டியர் காலத்தில் தீட்டிய தாமரைக் குளம் விதானத்தில் இருக்கிறது. மீன், யானை, எருமை, அன்னம், பூப்பறிக்கும் துறவிகள். நிறைய உதிர்ந்துவிட்டது. மிச்சமிருப்பதைக் கண் பழகும்வரை இரண்டு நிமிஷம் பேசாமல் பார்த்தால் தாமரைத் தண்டின் வளைவுகூடத் தெரிய வரும். குன்றின் மேலே ஏழடிப்பட்டம் இருக்கிறது. பாறையைத் தலையணையோடு படுக்கையாகச் செதுக்கி, பக்கத்திலேயே தமிழ் பிராமியில் எழுத்தும் வெட்டியிருக்கிறார்கள். கம்பியைப் பிடித்துக்கொண்டு பாறை விளிம்பில் நடக்க வேண்டும். வெயில் ஏறுவதற்கு முன் போய்விட்டு இறங்கிவிடுங்கள்.

வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்துக்கு எப்போது போகலாம்?

நவம்பர் முதல் பிப்ரவரி வரை. திருப்பத்தூர்–மதுரை ரோட்டில், திருப்பத்தூரைத் தாண்டிச் சிறிது தூரத்தில் வரும். வேட்டங்குடிப்பட்டி, பெரிய கொள்ளுக்குடிப்பட்டி, சின்னக் கொள்ளுக்குடிப்பட்டி என்று மூன்று கண்மாய் சேர்ந்ததுதான் சரணாலயம், மொத்தமே 38 ஹெக்டேர் சொச்சம். 1977-ல் அறிவித்தார்கள். அழகர்கோயில் போகிற அதே வழி என்பதால் சனிக்கிழமை விடியும்போது இங்கே நின்றுவிட்டு மேலே போகலாம்.

இந்த ஊர்க்காரர்களைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். பறவைகள் மிரண்டுவிடும் என்று இவர்கள் பல பத்து வருஷங்களாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. கல்யாணத்துக்கும் வேட்டுச் சத்தம் கிடையாது. பட்டாசு கேட்டு அழாத பிள்ளை எந்த ஊரில் இருக்கிறது? அந்தப் பிள்ளைகளைச் சமாதானம் சொல்லி வளர்த்து, தலைமுறை தலைமுறையாக இதைக் காப்பாற்றுகிறார்கள். நான் மனசார மதிக்கிற ஊர் அது. அங்கே போய் ஹாரன் அடிப்பது, பாட்டு வைப்பது, மரத்தைப் பார்த்துக் கல் எறிவது எதுவும் கூடாது.

கருவேல மரம் முழுக்க வெள்ளை வெள்ளையாகத் தெரிவதில் பாதி நத்தைகுத்தி நாரை. பைனாகுலர் இருந்தால் அதன் அலகைப் பாருங்கள். மூடியிருக்கும்போதும் நடுவில் ஒரு இடைவெளி தெரியும். சேற்றுக்குள் அலகை விட்டுத் துழாவி நத்தையைப் பிடித்து, ஓட்டுக்குள்ளிருந்து சதையை உருவி விழுங்கிவிட்டு, வெறும் ஓட்டை உதறிப் போடும். கரண்டிவாயன், அரிவாள் மூக்கன், பாம்புத்தாரா, நீர்க்காகம் எல்லாம் வரும். மழை பொய்த்துக் கண்மாய் நிரம்பாத வருஷத்தில் கூட்டம் குறைவு. அதையும் விசாரித்துக்கொண்டு போங்கள்.

கடற்கரைக்கு எங்கே போவது?

நம் ஊருக்குக் கடல் பக்கம்தான். தேவகோட்டை, திருவாடானை வழியாகத் தொண்டிக்கு ஒன்றேகால் மணி நேரம். கிழக்கு பார்த்த கடல் என்பதால் சூரியன் தண்ணீருக்குள்ளிருந்து எழுந்து வருவதைப் பார்க்கலாம். தொண்டி மீன்பிடி ஊர், குளிக்கிற மணல்வெளி இல்லை. படகு வந்து அணைவதையும், வலையிலிருந்து மீனைப் பிரித்துக் கூடையில் போடுவதையும் பிள்ளைகள் வாய் பிளந்து பார்ப்பார்கள்.

அங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே திரும்பினால் காரங்காடு. இந்தப் பயணத்தில் ஒரே ஒரு இடம்தான் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து அலையாத்திக் காட்டுக்குள் படகு விடுகிறார்கள். லைஃப் ஜாக்கெட் மாட்டிக்கொண்டு உட்கார்ந்ததும் இரண்டு பக்கமும் பச்சைச் சுவர் மாதிரி மரங்கள் நெருங்கி வரும். தண்ணீர் வற்றிய சேற்றில் ஆயிரக்கணக்கில் பென்சில் நட்டு வைத்த மாதிரி வேர்கள் மேல்நோக்கி நிற்கும். உப்புச் சேற்றுக்குள் காற்று கிடைக்காததால் அந்த மரம் வேரை வெளியே நீட்டி மூச்சு விடுகிறது. படகுக்காரரிடம் கேட்டு ஒரு இலையைத் தொட்டு, விரலை நாக்கில் வையுங்கள். உப்புக் கரிக்கும். உறிஞ்சிய உப்பை இலை வழியாகவே வெளியே தள்ளிவிடுகிறது. பாடப்புத்தகத்தில் படித்ததைப் பிள்ளைகள் நாக்கால் தெரிந்துகொள்கிற இடம். காலையில் சீக்கிரம் போங்கள், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் படகுக்குக் காத்திருக்க வேண்டி வரும்.

மணலில் உட்கார, அலையில் காலை நனைக்க என்றால் ராமநாதபுரத்தைத் தாண்டி உச்சிப்புளிப் பக்கம் அரியமான். சவுக்குத் தோப்பு நிழலும் விளையாட இடமும் உண்டு.

கடலில் இறங்கிக் குளிக்கலாமா?

பாக் நீரிணைப் பக்கம் ஆழமும் அலையும் குறைவு. நம் கடலோர மக்கள் அதைப் பெண்கடல் என்பார்கள், மன்னார் வளைகுடாப் பக்கத்தை ஆண்கடல் என்பார்கள். அரியமான் பெண்கடல், அங்கே இடுப்பளவுத் தண்ணீர் வரை பெரியவர்கள் துணையோடு இறங்கலாம். தனுஷ்கோடி அரிச்சல்முனையில் இரண்டு கடலும் சேர்கின்றன. அங்கே நீரோட்டம் ஆளை இழுத்துவிடும், கால் நனைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

தனுஷ்கோடியையும் சேர்த்துக்கொள்ளலாமா?

ஞாயிறு முழுவதையும் அதற்குக் கொடுத்தால் சரி. ராமேஸ்வரமே 150 கிலோமீட்டர், அப்புறம் முனை வரை இன்னும் 20-க்கு மேல். 1964 டிசம்பர் 22 ராத்திரி புயல் அழித்த ஊர் அது. இடிந்த தேவாலயச் சுவரும் ரயில் நிலையத்தின் மிச்சமும் இன்னும் நிற்கின்றன. பிள்ளைகளிடம் கதையைச் சொல்லிவிட்டு இறக்குங்கள். இருட்டும் முன் வண்டிகளைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்பதால் மத்தியானத்துக்குள் போய்ச் சேர வேண்டும்.

சொந்த வண்டி இல்லை. பஸ்சில், ரயிலில் முடியுமா?

தொண்டிக்கும் மதுரைக்கும் பஸ் கவலை இல்லை. காரங்காடு, நூபுர கங்கை மாதிரி உள்ளடங்கிய இடங்களுக்கு ஆட்டோ பிடிக்க வேண்டும். திரும்பவும் அதே ஆட்டோவைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். ராமேஸ்வரத்துக்கு ரயில்தான் சுகம். திருச்சியிலிருந்து போகும் ரயில் காரைக்குடி, சிவகங்கை, மானாமதுரை வழியாகப் போகிறது. 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலம் திறந்ததிலிருந்து ரயில் மறுபடி கடலைத் தாண்டுகிறது. ஜன்னல் ஓரம் பிள்ளைகளுக்கு.

சாப்பாடு?

காலைக்கும் மத்தியானத்துக்கும் கட்டுச்சோறு கொண்டுபோவதுதான் எங்கள் வீட்டு வழக்கம். புளியோதரைக்கு ராத்திரியே புளிக்காய்ச்சல் காய்ச்சி, விடியற்காலை நல்லெண்ணெய் தாராளமாக விட்டுக் கிளற வேண்டும். தயிர்சோற்றைப் பாலில் பிசைந்து ஒரு கரண்டி தயிர் விட்டால் மத்தியானம்வரை புளிக்காது. தொட்டுக்கொள்ள வரமிளகாய்த் துவையல். வழியில் கொறிக்கத் தேன்குழலும் சீப்புச்சீடையும். அருவியில் குளித்துவிட்டு வந்தால் பிள்ளைகளுக்கு எடுக்கிற பசிக்கு எந்த ஓட்டலும் ஈடு கொடுக்காது, தூக்குச்சட்டிதான் கை கொடுக்கும்.

கடலோரத்தில் மீன் சாப்பிட நினைத்தால் ஒரு தேதியை நினைவில் வையுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். நாட்டுப்படகு மீன் கொஞ்சம் கிடைக்கும், விலை கூடுதலாக இருக்கும்.

நடக்க முடியாத பெரியவர்களும் கைக்குழந்தையும் இருக்கிறார்கள். எது தோது?

வேட்டங்குடி, அரியமான் இரண்டும் நல்லது. வண்டியை விட்டு இறங்கியதும் இடம் வந்துவிடும். அழகர்மலையில் கீழே பெருமாளைச் சேவித்துவிட்டு அவர்கள் அங்கேயே இருக்கலாம். கொல்லிமலைப் படியும் ஏழடிப்பட்டமும் அவர்களுக்கு வேண்டாம். அவர்களுக்காக ஒரு மடக்கு நாற்காலி வண்டியில் இருக்கட்டும். நாங்கள் எடுத்துப்போகிற சாமான்களில் அதிகம் பயன்பட்டது அதுதான்.

வெளியூரிலிருந்து வருகிறோம், எங்கே தங்கலாம்?

காரைக்குடியில் எல்லாச் செலவுக்கும் ஏற்ற விடுதிகள் உண்டு. கானாடுகாத்தான் பக்கம் சில பழைய வீடுகளைத் தங்கும் விடுதியாக்கியிருக்கிறார்கள். செலவு கூடுதல், ஆனால் ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் வெறுங்காலோடு நடக்கிற குளிர்ச்சிக்காகவே ஒரு ராத்திரி தங்கலாம். தொண்டிப் பக்கம் வசதி குறைவு.

ஞாயிறு எத்தனை மணிக்குத் திரும்ப வேண்டும்?

தொண்டிப் பக்கம் போயிருந்தால் மூன்றரைக்கெல்லாம் கிளம்பிவிடுங்கள். ராத்திரி சென்னை ரயிலைப் பிடிக்கிறவர்கள் வீட்டில் இருந்தால் உப்புத் தண்ணீர் போகக் குளித்து, சாப்பிட்டு, பெட்டி கட்ட நேரம் வேண்டும். மணல் ஒட்டிய துணிகளைத் தனிப் பையில் போட்டுவிடுங்கள். செருப்புகளை வாசலிலேயே தட்டிவிட்டு உள்ளே வாருங்கள், இல்லாவிட்டால் மறுநாள் பட்டாலையைப் பெருக்குகிறவர்களுக்கு அரைப்படி மணல் கிடைக்கும்.